ஆக்லாந்து நண்பருக்கு: அவர் ஏன் பிளாக் செய்தார்?

நண்பரே, ஒரு பாலியல் தொழிலாளிக்கு "ஹாய் பேபி, ரேட் கொஞ்சம் குறைக்க முடியுமா?" என்று அனுப்பியதும் பிளாக் செய்துவிட்டார், என்ன தப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

முன்பின் தெரியாதவரைப் 'பேபி' என்றது முதல் தப்பு. விளம்பரத்தில் அவர் போட்டிருக்கும் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். நிஜப் பெயரைத் துருவாதீர்கள். கட்டணத்தை அவரே எழுதி வைத்திருக்கும்போது பேரம் பேசினால் யாருக்கும் கோபம் வரும். "வணக்கம், என் பெயர் இது. வெள்ளி மாலை 7 மணிக்கு ஒரு மணி நேரம் கிடைக்குமா?" அவ்வளவு போதும். வாடிக்கையாளர்கள் பாலியல் தொழிலாளிகளை மதிப்பிட்டு எழுதும் ரிவியூ தளங்களில் புழங்கும் கொச்சைச் சுருக்கங்கள் வேண்டவே வேண்டாம், அவை ஆளைச் சரக்காக்கிப் பேசுபவை.

நியூசிலாந்தில் 2003 சட்டப்படி பாலியல் தொழில் குற்றமல்ல, வேலை. எந்தக் கட்டத்திலும் மறுக்க அவருக்கு உரிமை உண்டு. ஆணுறை வேண்டாமே என்று சாடையாகக்கூடக் கேட்காதீர்கள். அதைத் தவிர்க்கும் வாடிக்கையாளருக்கு 2,000 டாலர் வரை அபராதம் விதிக்கலாம்.

இன்னொன்று, எனக்கு மிகவும் உறுத்தியது: கேள்வியில் அவரை 'அது' என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ் அவருக்குப் புரியாது என்றாலும் 'அவர்' என்றே எழுதுங்கள். வேறு எண்ணிலிருந்து மறுபடி அவரைத் தொடர்புகொள்ள வேண்டாம்.