ஒரே சாரம், இரண்டு கூலி

கேள்வி: 22 வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். எங்கள் மேஸ்திரி இப்போது பிகார், ஒடிசா பையன்களை இறக்கிவிட்டார். எனக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்தாலே அதிகம். ‘அவர்களை விரட்டினால்தான் சரிப்படும்’ என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் என் தம்பி அது பாவம் என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகர், செங்கல்பட்டு

பதில்: உங்களுக்கு வேலை குறைந்தது நிஜம். அந்தக் கோபத்தைப் பொறாமை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அது போய் நிற்கிற இடம் தப்பு.

மேஸ்திரி அவர்களை ஏன் இறக்கினார்? உங்களைவிட நன்றாகப் பூசுவார்கள் என்றா? சைட்டிலேயே தகர ஷெட்டில் தங்கியிருப்பார்கள். ராத்திரி கான்கிரீட் போட வேண்டுமென்றாலும் எழுப்பினால் போதும். கோயில் திருவிழா, மச்சான் கல்யாணம் என்று லீவு கேட்க முடியாது. ஊர் போய்வர ரயிலிலேயே பல நாள் போய்விடும். பல இடங்களில் கூலி ஏஜென்ட் கைக்குத்தான் போகிறது. அவர் பிடித்துக்கொண்டது போக மிச்சம்தான் அந்தப் பையன்களுக்கு.

ரெடிமிக்ஸ் லாரியும் பம்ப்பும் வந்தபோது, கலவைச் சட்டி சுமந்த சித்தாள் பெண்களுக்கு வேலை போனது. அப்போது யாரும் யாரையும் விரட்டக் கிளம்பவில்லை என்பதும் ஞாபகம் வருகிறது.

1979-ல் வந்த வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம், உள்ளூர் ஆள் செய்யும் அதே வேலைக்கு அவர்களுக்குக் கூலி குறையக் கூடாது என்றது. அது உங்களுக்கும் சேர்த்துப் போட்ட வேலி. அவர்கள் கூலி உங்கள் கூலிக்கு ஏறினால், பழகிய கையை ஒதுக்க மேஸ்திரி கொஞ்சம் யோசிப்பார். ஷெட்டில் ஆள் இருக்கும் வசதியை அவர் விட மாட்டார், அது வேறு.

தம்பியிடம் இன்னும் பேசுங்கள். அங்கே வெளியூர் ஆள் அவர்தான். 2020-ல் கொரோனா வந்தபோது அங்கே விடுதிகளில் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததை அவர் சொல்லியிருப்பார்.

அப்புறம், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவைப் புதுப்பித்திருக்கிறீர்களா? கட்டடச் செலவில் 1 சதவீதம் அதற்கென்றே வசூலிக்கிறார்கள். பிள்ளைகள் படிப்பு உதவி, விபத்து உதவி, ஓய்வூதியம் எல்லாம் அதில் உண்டு. வேலை இல்லாத நாளில் அந்த அலுவலகத்துக்குப் போய் வாருங்கள்.

சனிக்கிழமை கூலி போடும்போது பக்கத்துச் சாரத்துப் பையனிடம் அவன் கைக்கு எவ்வளவு வந்தது என்று கேட்டுப் பாருங்கள். இந்தி தெரியாதே என்று தயங்க வேண்டாம். ‘எவ்வளவு’ என்ற சொல்லை அவன் இங்கே வந்த முதல் வாரமே கற்றிருப்பான்.