தட்டு விழுந்தால் திரும்புகிறான்

வணக்கமுங்க. பையனுக்கு 8 மாதம் முடிந்துவிட்டது. மூன்றாம் மாதம் நன்றாக ‘ங்கா’ கொட்டினான். இப்போது கீச்சென்று கத்துகிறான், எச்சிலில் ‘புர்ர்’ விடுகிறான். ‘பபப’, ‘ததத’ எதுவும் வரவில்லை. வீட்டை ஒட்டித் தறிக்குடோன், அந்தச் சத்தத்திலேயே தூங்குவான். தட்டு விழுந்தால் திரும்புகிறான், அதனால் காதில் குறையில்லை, அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான் என்கிறார் மாமியார். வசம்பும் தேனும் நாக்கில் தடவலாமா? நாங்கள் அத்தை மகன், மாமன் மகள்.
- ஒரு வாசகி, சோமனூர்

அன்புள்ள சகோதரிக்கு,

தேன் வேண்டாமுங்க. ஒரு வயதுக்குள் கொடுத்தால் அதிலுள்ள கிருமி குடலில் பெருகிக் கைகாலைத் தளர்த்தி, மூச்சையே நிறுத்தக்கூடும். வசம்பும் வேண்டாம். பேச்சு காது வழியாகத்தான் நாக்குக்கு வருகிறது.

‘ங்கா’வை நம்பாதீர்கள். காது கேட்காத குழந்தையும் ங்கா கொட்டும். மல்லாந்து கிடக்கும் சிசுவுக்கு வாய் நிறைய நாக்கு. அது பின்னால் சரிந்து அண்ணத்தில் ஒட்டிப் பிரியும் ஒலி அது. 4 முதல் 6 மாதம் வரை வரும் கீச்சலும் ‘புர்ர்’ரும் தொண்டையையும் உதட்டையும் ஆட்டிப் பார்க்கும் விளையாட்டு. 6லிருந்து 10 மாதத்துக்குள் வருவதுதான் வேறு சங்கதி: மெய்யும் உயிரும் ஒட்டி, பேச்சின் வேகத்தில், தாளம் தப்பாமல் ‘பபபப’. கிலுகிலுப்பையைத் தரையில் அடிக்கத் தொடங்குவதும் ஏறக்குறைய அப்போதுதான். ‘பாஆஆ’ என்று ஒருமுறை இழுத்தால் கணக்கில்லை. தன் குரல் தனக்குக் கேட்காத பிள்ளைக்கு இந்தக் கட்டம் தள்ளிப்போகும். (‘தாத்தா’ வந்தாலும் அப்பாரை, அதாவது அப்பாவைப் பெற்றவரைக் கூப்பிடுவதாக நினைக்க வேண்டாம், நுனிநாக்குக்கு அது சுலபம். அம்மாவைப் பெற்ற அப்பிச்சி இன்னும் காத்திருக்க வேண்டும்.)

எவர்சில்வர் தட்டுச் சத்தம் பாதிக் காதுக்கும் கேட்கும். தரை அதிர்வுக்கும் நிழலுக்கும்கூடத் திரும்புவான். கரண்ட் போய்த் தறி நின்ற நேரத்தில் பாருங்கள். மடியில் வைத்து ஒருவர் முன்னால் பொம்மை காட்டட்டும். இன்னொருவர் பின்னால், ஒரு கை தூரத்தில், காதுக்கு நேராக, மூச்சுக்காற்றோ நிழலோ படாமல் மெல்ல ‘ஸ்ஸ்’ என்று சொல்லட்டும், பிறகு ‘ஊ’. ‘ஊ’வுக்குத் திரும்பி ‘ஸ்ஸ்’ஸுக்குத் திரும்பாத காதும் உண்டு.

திரும்பினாலும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். 10 மாதம் முடியும்வரை பொறுக்கலாம் என்பது பொதுக் கணக்கு. சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் பிறவிக் காதுகேளாமை கூடுதல், அதனால் இந்த வாரமே போங்கள். ஓஏஇ என்பது காதில் சிறு குழாய் வைத்து உள்காதைப் பார்ப்பது, சில நிமிட வேலை. பெரா, நெற்றியிலும் காதுக்குப் பின்னும் ஒயர் ஒட்டி நரம்பைப் பார்ப்பது. பிள்ளை தூங்க வேண்டும். பிறந்தபோது மஞ்சள் காமாலை கடுமையாக இருந்திருந்தால் ஓஏஇ மட்டும் போதாது, பெராவும் கேளுங்கள். குறை தெரிந்தால் உடனே காதுக்கருவி. அது போதாதவர்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயதுக்குள் காக்ளியர் அறுவைக்கு, அதாவது உள்காதில் கருவி பொருத்துவதற்கு, வழி உண்டு.

அதுவரை தொட்டிலைத் தறிச்சுவரிலிருந்து எதிர் அறைக்கு மாற்றுங்கள். அவன் ஒரு சத்தம் போட்டால் முகத்துக்கு நேரே அதையே திருப்பிச் சொல்லிவிட்டு, அடுத்ததை அவன் சொல்லும்வரை வாயை மூடிக் காத்திருங்கள்.