கரண்ட் போய் வந்தால் எந்த சர்வீஸ் தானாக ஓடும்? கேள்வி பதில்

குன்னூர்: தேயிலை எடை போடும் உபுண்டு கணினியில் வெப் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. மரம் விழுந்து கரண்ட் போய் வந்தபின் ஓடவில்லை.

சர்வீஸ்களை, அதாவது பின்னணியில் ஓடும் நிரல்களை, ஆளும் கட்டளை சிஸ்டம்சிடிஎல். நீங்கள் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' மட்டும் கொடுத்திருப்பீர்கள். அது அப்போதைக்குத்தான். கணினி எழும்போதே (பூட்டில்) ஓட 'எனேபிள்' வேண்டும். அது ஒரு சிம்லிங்க் (கோப்புக்கான குறுக்குவழி) போடுமே தவிர உடனே ஓட்டாது. இரண்டும் வேண்டுமென்றால் எனேபிளோடு இரட்டைக் கோடு போட்டு 'நவ்' சேருங்கள். பிறகு ரீபூட் செய்து பாருங்கள். இன்று ஓடுவதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

கோத்தகிரி: டிசேபிள் செய்தும் ஓடுகிறதே?

ஓடுவதை நிறுத்த 'ஸ்டாப்' தனியாகக் கொடுக்க வேண்டும். வேறு சர்வீஸோ சாக்கெட்டோ (இணைப்பு வந்ததும் சர்வீஸை எழுப்பும் அமைப்பு) மறுபடி எழுப்பினால், எதுவும் எழுப்ப முடியாதபடி 'மாஸ்க்' செய்யுங்கள்.

கொடைக்கானல்: விடுதிப் பதிவுகள் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில், வெளி டிஸ்க்கில் இருக்கின்றன. எனேபிள் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் டிஸ்க் மவுண்ட் ஆகும்வரை (கணினியின் ஃபோல்டரோடு இணையும்வரை) காத்திருக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சர்வீஸ் வெறும் ஃபோல்டரைத்தான் பார்க்கும். போஸ்ட்கிரெஸ் ஓட மறுத்துவிடும். சில மென்பொருள்கள் அங்கேயே புதிதாக எழுதத் தொடங்கிவிடும், அதுதான் ஆபத்து. 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கொடுத்து, அந்த சர்வீஸின் அமைப்புக் கோப்பில் (அதற்குப் பெயரும் யூனிட்தான்) 'யூனிட்' பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=' என்று எழுதி டிஸ்க்கின் பாதையைச் சேருங்கள். பூட்டில் இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல் கோப்பான எஃப்எஸ்டேபில் 'நோஃபெயில்' போடுங்கள். அது இல்லையென்றால், டிஸ்க் கழன்றிருக்கும் நாளில் கணினி 90 விநாடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். இரண்டும் இருந்தால் கணினி எழும், டேட்டாபேஸ் மட்டும் எழாது.

கூடலூர்: தவறு. டேட்டாபேஸைக் கையால்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

கையால் செய்தாலும் போஸ்ட்கிரெஸ் அதே 'வால்' (WAL) பதிவை, அதாவது மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவை, படித்துத்தான் மீளும். டிஸ்க்கைச் சோதிக்காமல் ஸ்டார்ட் கொடுத்தால் என்ன லாபம்?

கூடலூர்: மழையில் பத்து நிமிடத்தில் மூன்று முறை கரண்ட் போகிறதே?

நியாயமான கேள்வி. அப்படியானால் சர்வீஸை டிசேபிள் செய்து, அதே பெயரில் ஒரு டைமர் எழுதி 'ஆன்பூட்செக்=10மின்' கொடுங்கள். டைமரை எனேபிள் செய்யுங்கள். கரண்ட் பத்து நிமிடம் நிலைத்தால்தான் டேட்டாபேஸ் எழும். அதை 'ரிக்வயர்ஸ்' அல்லது 'வான்ட்ஸ்' என்று கேட்கும் வேறு சர்வீஸ் பூட்டில் இருந்தால் முன்னதாகவே எழுப்பிவிடும், அதையும் பாருங்கள்.

ஊட்டி: யுபிஎஸ் எத்தனை ஏஎச் வாங்கலாம்?

எலக்ட்ரீஷியனிடம் கேளுங்கள்.

ஊட்டி: ராஸ்பெர்ரி பை 4, பூட் ஆனதும் பதிவுகளில் பழைய நேரம் விழுகிறது.

அதில் கடிகார பேட்டரி இல்லை. நேரம் சரியாகும்வரை சர்வீஸ் காத்திருக்க வேண்டும். 'சிஸ்டம்டி-டைம்-வெயிட்-சிங்க்' சர்வீஸை எனேபிள் செய்து, உங்கள் யூனிட்டில் 'ஆஃப்டர்=டைம்-சிங்க்.டார்கெட்' போடுங்கள்.

தாண்டிக்குடி: ஸ்டார்ட் கொடுத்தால் ஓடுகிறது, பூட்டில் வரவில்லை.

குன்னூருக்குச் சொன்னதைப் படியுங்கள். 'இஸ்-எனேபிள்ட்' கேட்டு 'ஸ்டேட்டிக்' என்று வந்தால், யூனிட்டில் இன்ஸ்டால் பகுதி இல்லை. அந்தப் பகுதியைச் சேர்த்து, அதில் 'வான்டட்பை=மல்டி-யூசர்.டார்கெட்' எழுதி, எனேபிள் கொடுத்து, ரீபூட் செய்து பாருங்கள்.