நேரலையில் குழந்தையின் அடையாளம்

கேள்வி: நீதிமன்ற விசாரணை நேரலையில் போகும்போது குழந்தையின் பெயரை மட்டும் தவிர்த்தால் போதாதா?

பதில்: போதாது. தாயின் முகம், பள்ளி, தெரு: இவற்றில் இரண்டு சேர்ந்தாலே அக்கம்பக்கத்தார் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வழக்குப் பட்டியலில் பெற்றோர் பெயர் முழுதாக இருந்தால், குழந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கியும் பயனில்லை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விசாரணைக்கு முன்பே, நேரலை வேண்டாம் என்று வழக்கறிஞர் மூலம் மனு போடுங்கள். மறுத்தால், சில நிமிடத் தாமதத்துடன் ஒளிபரப்பக் கேளுங்கள். சாட்சி வாய்தவறிச் சொன்ன பெயரை வெட்ட அந்த இடைவெளிதான் கைகொடுக்கும். காணொளியில் சேர்கிறீர்களா? திரையின் மூலையில் தெரியும் பெயரை மாற்றுங்கள். பின்னால் தொங்கும் பள்ளிச் சீருடையை எடுத்துவிடுங்கள். பெயர் வெளியே வந்துவிட்டால் அந்த நொடியே நீதிபதியிடம் சொல்லி, பதிவிலிருந்து நீக்கக் கேளுங்கள். யாரோ வெட்டிப் பகிர்ந்த துண்டைப் பிறகு முழுதாக அழிக்க முடியாது.