அக்காவிடம் கேளுங்கள்: ஹார்மோன் செக்கப்புக்குப் போகும் முன்

இந்த மாதப் பக்கம் முழுக்க ஒரே விஷயம்தான். சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்த கடிதங்கள். பெயரையும் தோட்டத்தையும் போடவில்லை. சின்ன ஊர், சாயந்தரத்துக்குள் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு 26 வயது, திருநங்கை. கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. ஈப்போவில் ஒரு டாக்டரிடம் காட்டி எஸ்ட்ரடயால் என்ற பெண் ஹார்மோன் மாத்திரையும், ஆண் ஹார்மோனை அடக்கும் ஸ்பைரோனோலாக்டோனும் எடுக்கிறேன். மூன்று மாதம் முடியப் போகிறது, செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார். அங்கே என்ன செய்வார்கள்? துணியைக் கழற்றச் சொல்வார்களா? ரத்தத்தில் ஏதாவது தப்பாக வந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்களா? பயத்தில் தேதியைத் தள்ளிப்போடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: தள்ளிப்போடாதீர்கள் தங்கச்சி. முதல் வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ தடவை, இதுதான் ஹார்மோன் டாக்டர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். ஆரம்பத்தில் அடிக்கடி கூப்பிடுவது உங்கள் மேல் சந்தேகப்பட்டு இல்லை. ஒரே மாத்திரை ஒருத்தர் உடம்பில் ஏறுகிற மாதிரி இன்னொருத்தர் உடம்பில் ஏறாது, ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

போனதும் பிரஷர், எடை. அதற்குப் பிறகு டாக்டர் கேட்கும் கேள்விகள்தான் பாதிச் செக்கப். தூக்கம் எப்படி, மனசு எப்படி, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா, ராத்திரி எத்தனை தடவை ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறீர்கள் (ஸ்பைரோனோலாக்டோன் நீர் பிரிய வைக்கும் மாத்திரை, அதனால்தான்), சிகரெட் உண்டா, மார்பு வலிக்கிறதா, விறைப்பு குறைந்திருக்கிறதா, பிற்காலத்தில் சொந்தப் பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உண்டா. கடைசிக் கேள்விக்குக் கூச்சப்படாதீர்கள், ஹார்மோன் விந்தணு உற்பத்தியைக் குறைத்துவிடும், மருந்தை நிறுத்தினாலும் பழையபடி வரும் என்று யாரும் உறுதி தர முடியாது. மார்பு வளர்ச்சி மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் தொடங்கும், முழுதாக வளர இரண்டு மூன்று வருடம் ஆகும். இப்போது ஒன்றும் தெரியவில்லையே என்று அழ வேண்டாம்.

துணி விஷயம்: பெரும்பாலும் கழற்ற வேலையே இல்லை. மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது என்று நீங்களே சொன்னால் பார்க்கக் கேட்பார். வேண்டாம் என்று சொல்லலாம், கூட ஒரு நர்ஸ் நிற்கட்டும் என்றும் கேட்கலாம். காரணம் சொல்லாமல் கீழே பார்க்க வேண்டும் என்றால் "எதற்கு டாக்டர்?" என்று கேளுங்கள். பதில் சரியாக இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அது ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை.

ரத்தம் ஒரே ஊசிக்குத்துதான், குழாய்தான் இரண்டு மூன்று. ஊதா மூடி ரத்த அணுக்களுக்கு, மஞ்சள் மூடியில் சிறுநீரகம், கல்லீரல், பொட்டாசியம், ஹார்மோன். ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தைக் கூட்டக்கூடியது, அதனால் உங்களுக்கு அந்த எண் ரொம்ப முக்கியம், அது கூடினால் இதயத் துடிப்பையே குழப்பும். வெயிலுக்கு நல்லது என்று தினம் இரண்டு மூன்று இளநீர் குடிப்பவராக இருந்தால், பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பு வாங்கிச் சமைத்தால், முதுகு வலிக்குப் பொன்ஸ்டானை மிட்டாய் மாதிரிப் போட்டால், எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரிண்டோபிரில் போன்ற பிரஷர் மாத்திரை எடுத்தால் அதையும். இவை ஒவ்வொன்றும் பொட்டாசியத்தை இன்னும் மேலே தள்ளக்கூடியவை.

இனி ரத்தப் பரிசோதனை முடிவு வரும் காகிதம். எஸ்ட்ரடயால் ஏறத்தாழ 370 முதல் 730 பிகோமோல், டெஸ்டோஸ்டிரோன் 1.7 நேனோமோலுக்குக் கீழே, இது பல டாக்டர்கள் குறிவைக்கும் இடம். மூன்றே மாதத்தில் அங்கே போய் நிற்காவிட்டால் நீங்கள் தோற்றுவிட்டதாக அர்த்தம் இல்லை, அளவைக் கொஞ்சம் மாற்றுவார், அவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஐசியின் (அடையாள அட்டை) கடைசி எண் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பரிசோதனைக் கூடம் ஐசியில் உள்ள பாலினத்தை வைத்துத்தான் 'சரியான அளவு' என்ற பத்தியை அச்சடிக்கும். டெஸ்டோஸ்டிரோன் இறங்கினால் ஹீமோகுளோபினும் பெண்களின் அளவுக்கு இறங்குவது இயல்பு. 12.8 வந்திருக்கும், ஆணுக்கான அளவோடு ஒப்பிட்டுப் பக்கத்தில் 'குறைவு' என்று குறி போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு வேறு ஏதாவது கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். குறியைப் பார்த்துப் பதறாமல் "ஹார்மோன் எடுக்கிறேன், பெண்ணுக்கான அளவோடு பாருங்கள் டாக்டர்" என்று சொல்லுங்கள்.

மருந்தை உடனே நிறுத்தும் நிலைமை அரிது. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி ஆடுசதை வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ செக்கப் தேதிவரை காத்திருக்கக் கூடாது. ரத்தக்கட்டியாக இருக்கலாம். நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், ஹார்மோன் எடுப்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

கேள்வி: ரத்தம் கொடுக்கப் பசியாறாமல் போக வேண்டுமா? காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகலாமா?

பதில்: ஹார்மோனுக்குப் பசியாறிவிட்டுப் போகலாம். சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்துப் பார்க்கிறார்கள் என்றால் ராத்திரியிலிருந்து எட்டு மணி நேரமாவது வெறும் தண்ணீரோடு இருக்கச் சொல்வார்கள். தே ஓ கொசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) கூட வேண்டாம். காலை மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு போய் ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள், டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர. நாக்குக்கு அடியில் வைப்பவர்களுக்கு அளவு ஓரிரு மணி நேரத்தில் உச்சிக்குப் போய் இறங்கிவிடும், எப்போது போட்டீர்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து டாக்டர் ஒன்றும் செய்ய முடியாது. முடி வளர பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் அதையும் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே நிறுத்துங்கள், அது ஹார்மோன் பரிசோதனையையே ஏமாற்றிவிடும்.

கேள்வி: அக்கா, என் தோழி ஃபார்மசியில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கி ஒரு நாளைக்கு நான்கைந்து போடுகிறாள். மூத்த அக்காமார் அப்படித்தான் செய்தார்களாம். ரத்தம் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும், எதற்கு டாக்டரிடம் சொல்ல வேண்டும், திட்டுவார் என்கிறாள்.

பதில்: இந்தக் கேள்விக்காகவே இந்த மாதப் பக்கத்தை ஒதுக்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தடை மாத்திரைகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடயால் என்ற செயற்கைச் சரக்கு. எஸ்ட்ரடயால் பரிசோதனை அதைப் பிடிக்காது. உடம்பில் ஏகப்பட்ட ஈஸ்ட்ரோஜன் ஓடிக்கொண்டிருக்கும், காகிதத்தில் எண் குறைவாக வரும். உங்கள் தோழி வாயைத் திறக்கவில்லை என்றால் டாக்டர் என்ன நினைப்பார்? போதவில்லை என்று இன்னொரு மருந்தையும் மேலே ஏற்றுவார். அதாவது பரிசோதனை செய்துகொண்டதாலேயே ஆபத்து கூடும். டயேன்-35 மாத்திரை ஒன்றில் 35 மைக்ரோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடயால், ஐந்து போட்டால் கணக்கு நீங்களே போடுங்கள். ரத்தக்கட்டி ஆபத்து அதிகம் என்பதால்தான் திருநங்கைகளுக்கு அந்தச் சரக்கு வேண்டாம் என்கிறார்கள். சிகரெட்டும் சேர்ந்தால், நாற்பது தாண்டியிருந்தால், இன்னும் மோசம். அப்படிப்பட்டவர்களுக்குத் தோலில் ஒட்டுகிற பட்டையோ தடவுகிற ஜெல்லோ பாதுகாப்பானது.

மூத்த அக்காமாரைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட ஒரு டாக்டர் இல்லை, கிடைத்ததைப் போட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் முன்பு பால்மாற்று அறுவை சிகிச்சைகூட நடந்தது, 1983-இல் ஃபத்வா வந்த பிறகு நின்றுபோனது. அதன் பிறகு இந்த அறிவெல்லாம் காதோடு காதாகத்தான் கைமாறி வந்தது. இன்றைக்கு உங்கள் தோழிக்குக் கேட்க ஆள் உண்டு. மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் மேசையில் வைக்கட்டும், திட்டினால் திட்டட்டும். ஆண் ஹார்மோனை அடக்கும் ஆண்ட்ரோகூர் 50 மில்லிகிராமும் சேர்த்துப் போடுகிறாள் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும். அதில் இருக்கும் சிப்ரோட்டெரோன் என்ற மருந்து கல்லீரலைப் பாதிக்கலாம், மனச்சோர்வு தரலாம், அதிக அளவில் நீண்ட காலம் போட்டால் மூளை உறையில் மெனிஞ்சியோமா என்ற கட்டி வரும் வாய்ப்பைக் கூட்டும் என்று 2020-இல் ஐரோப்பிய மருந்து அமைப்பு எச்சரித்தது. 10 மில்லிகிராம் அளவே பலருக்குப் போதும் என்று இப்போது சொல்கிறார்கள். அளவைத் தானாக மாற்றாமல் டாக்டரிடம் கேட்கட்டும்.

கேள்வி: என் பிள்ளை பெண்ணாகப் பிறந்தவன், இப்போது எனக்கு மகன். மூன்று வாரத்துக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி. போன வாரம் காய்ச்சலுக்குப் போன கிளினிக்கில் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் விழுக்காடு) 49, ரத்தம் கெட்டியாகிவிட்டது, ஊசியை நிறுத்து என்றார்களாம். பயமாக இருக்கிறது. ஒரு அம்மா.

பதில்: அம்மா, முதலில் மூச்சு விடுங்கள். 49 பெண்ணுக்கு அதிகம், ஆணுக்கு அது அளவுக்குள்தான். உங்கள் மகனின் ஐசி எண் இரட்டைப்படை, அதனால் காகிதம் கூச்சல் போட்டிருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவருக்கு அது ஆணின் அளவுக்கு ஏறத்தான் செய்யும். 54-ஐத் தாண்டினால்தான் அளவைக் குறைக்கவோ கொஞ்ச நாள் நிறுத்தவோ செய்வார்கள். காய்ச்சலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்தால் எண் இன்னும் கூடத்தான் காட்டும், சிகரெட்டும் கூட்டும், குறட்டை விட்டுத் தூக்கத்தில் மூச்சுத் திணறுபவருக்கும் கூடும். ஊசி போடும் டாக்டரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி, நன்றாகத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். உண்மையிலேயே ஏறினாலும் ஒரேயடியாக நிறுத்த வேண்டியதில்லை, குறைந்த அளவில் அடிக்கடி போடலாம், ஜெல்லுக்கு மாறலாம்.

அப்புறம் இன்னொன்று, அம்மா சொன்னால் அவன் கேட்பான். கருப்பை வாய் இருக்கும்வரை அதற்கான பரிசோதனை உண்டு. மகளிர் பிரிவு வரிசையில் தாடியோடு உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்? கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் சோதனைக்குத் தானே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கலாம். மாதவிலக்கு நின்றதால் கர்ப்பம் தரிக்காது என்று நினைப்பதும் தவறு, டெஸ்டோஸ்டிரோன் கர்ப்பத்தடை இல்லை.

கேள்வி: அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு இதெல்லாம் செய்ய முடியாதா? நம்பரைக் கூப்பிட்டால் ஓகே, ஆனால் ஐசி பெயரைச் சத்தமாகக் கூப்பிடுவார்களே?

பதில்: கிளினிக் கெசிஹாத்தானில் ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை, கொழுப்பு பார்க்க முடியும். ஹார்மோன் அளவுக்குப் பெரும்பாலும் தனியார் கூடம்தான். ஆகவே பாதியை அங்கே முடித்துக் காகிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள், செலவு குறையும். பெயர் விஷயத்துக்குப் பதிவு கவுண்டரிலேயே ஒரு சின்னத் துண்டுச் சீட்டில் கூப்பிட வேண்டிய பெயரை எழுதிக் கொடுங்கள், பலர் மதித்து நடக்கிறார்கள், நடக்காதவர்களும் உண்டு. ரத்தக் குழாயில் ஒட்டும் சீட்டில் மட்டும் ஐசியில் உள்ளபடியே இருக்கட்டும், மாறினால் கூடம் திருப்பி அனுப்பிவிடும். தனியார் கூடத்துக்குப் போகும் முன் போன் போட்டு விலை கேளுங்கள், எஸ்ட்ரடயாலுக்கும் டெஸ்டோஸ்டிரோனுக்கும் தனித்தனியாகக் காசு போடுவார்கள்.