சால் (மும்பையில் பல குடும்பங்கள் நெருக்கமாக வாழும் மாடிக் குடியிருப்பு) மாடிப்படிக்கடியில் நின்ற பைக்கைக் கொளுத்தினால் எந்தச் சட்டப் பிரிவு?

தாராவியில் இரவில் பைக்கை எரித்திருக்கிறார்கள், யாருக்கும் காயமில்லை, இது வெறும் சொத்துச் சேதம்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்), தீயால் சொத்தைச் சேதப்படுத்தினால் பிரிவு 326(எஃப்): 7 ஆண்டு வரை சிறை. ஆள் குடியிருக்கும் கட்டடமே அழியக்கூடும் என்று தெரிந்தே வைத்த தீ என்றால் 326(ஜி): 10 ஆண்டு வரை, அல்லது ஆயுள். காயம் அவசியமில்லை, அந்த எண்ணமோ அறிவோ போதும்.

சறுக்குவது புகாரில்தான். “பைக் எரிந்தது” என்று மட்டும் எழுதினால் 326(எஃப்) தாண்டாது. படிக்கட்டு ஒன்றே வழி, மேலே எத்தனை பேர் தூங்கினார்கள், மணி என்ன, எல்லாம் எழுதுங்கள். கரியைக் கழுவிவிடாதீர்கள், பெட்ரோல் தடயம் போய்விடும். சிசிடிவி பதிவு சில நாளில் அழியும். அதை எடுத்துவைக்கும்படி போலீசிடம் உடனே எழுத்தில் கேளுங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம்.