பாதியில் நின்றுபோகும் நாவல்கள்

கேள்வி: எனக்கு வயது 54. வீடு சேலம் அஸ்தம்பட்டியில், வேலை ஏற்காட்டில். தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். கல்லூரி நாட்களில் வாடகை நூல் நிலையத்தில் மாத நாவல்களை எடுத்து நாளைக்கு ஒன்று என்று முடித்தவள் நான். இப்போது மகள் வாங்கித் தந்த ஆங்கில நாவல்கள் மூன்றும் பாதியில் கிடக்கின்றன. ஒன்று சிரிப்பும் துப்பறிதலும் கலந்த கதை. அதில் பெயர்கள் குழம்புகின்றன. இன்னொன்று த்ரில்லர், தூக்கத்தைக் கெடுக்கிறது, மறுநாள் எடுத்தால் கதையும் மறந்துவிடுகிறது. மூன்றாவது காதல் கதை; முடிவு இப்போதே தெரிவதால் ஓடவில்லை. பஸ்ஸில் படித்தால் தலை சுற்றுகிறது. 'இதையெல்லாம் போய் படிப்பார்களா' என்று வீட்டுக்காரர் வேறு கேட்கிறார். படிக்கும் பழக்கமே என்னைவிட்டுப் போய்விட்டதா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பழக்கம் எங்கும் போகவில்லை. நீங்கள் பழகியது உட்கார்ந்த இடத்தில் முடிக்கிற வாசிப்பு. மாத நாவல் ஏறக்குறைய நூறு பக்கம், முக்கியமான ஆட்கள் ஏழெட்டுப் பேர், இரண்டு மணி நேரம். இப்போது உங்கள் கையில் இருப்பது சுமார் 340 பக்கம், 90,000 சொற்கள். நிமிடத்துக்கு 150 சொல் என்ற நிதானத்தில் இரவுக்கு அரை மணி நேரம் படித்தால் நாளொன்றுக்குப் பதினேழு பக்கம்தான் நகரும். ஒரு புத்தகம் முடிய இருபது நாள். முதல் நாள் வாசலில் வந்து நின்ற ஆளின் பெயர் பதினான்காம் நாள் மறந்துபோவதில் வியப்பில்லை. கோளாறு நினைவில் இல்லை, நேரத்தைப் பிரித்த விதத்தில் இருக்கிறது.

அதனால் எந்த வகை நாவலானாலும் முதல் அறுபது பக்கத்தை விடுமுறை நாளில் ஒரே அமர்வில் படித்துவிடுங்கள். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். நடுவில் ஒரு காபி குடிக்கலாம். ஆட்கள், இடம், சிக்கல் மூன்றும் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். பிறகு தினம் பதினைந்து பக்கம் போனாலும் கதை கையை விட்டு நழுவாது. இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட்டால் மட்டும் கடைசியாகப் படித்த ஐந்து பக்கத்தை மறுபடி புரட்டிவிட்டுத் தொடருங்கள்.

முதலில் சிரிப்புத் துப்பறிதல். தமிழுக்கு இது புதிதல்ல. தேவனின் துப்பறியும் சாம்புவுக்கு மூளையைவிட அதிர்ஷ்டம்தான் துணை. இன்று ஆங்கிலத்தில் வரும் இந்த வகைக் கதைகளில் கூட்டம் அதிகம். அனுஜா சௌஹானின் 'கிளப் யூ டு டெத்' (2021) டெல்லியின் பழைய கிளப் ஒன்றில் நடக்கிற கொலைக் கதை. உறுப்பினர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், ஊழியர்கள், போலீஸ் என்று ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பெயர் குழம்பாமலிருக்க வழி இருக்கிறது. தபால் அட்டை அளவு தாள் ஒன்றைப் புத்தக அடையாளமாக வையுங்கள். ஒவ்வொரு ஆள் வரும்போதும் பெயர், உறவு, வந்த பக்க எண் மூன்றை மட்டும் எழுதுங்கள். குணத்தை எழுதாதீர்கள். 'நல்லவர்' என்று நீங்கள் எழுதிவைத்த அந்த ஒரு சொல்லே பிறகு உங்கள் கண்ணை மறைக்கும். நான்கு பேருக்கு மேல் ஒரே எழுத்தில் பெயர் தொடங்கினால் உறவை வைத்தே நினைவில் கொள்ளுங்கள்: 'வக்கீலின் அக்கா', 'தோட்டக்காரர் மகன்' என்று.

இந்த வகையில் எல்லோரும் தவறவிடுவது ஒன்று உண்டு. சிரிப்பு வருகிற இடத்தில்தான் துப்பை ஒளிப்பார்கள். ஒரு பாட்டி வளவளவென்று பேசுகிறார். காணாமல் போன பொருட்கள் என்று கண்ணாடிக் கூடு, பூனைக்கு வைத்த பால், மருந்துச் சீட்டு என மூன்றைச் சொல்கிறார். பூனைப் பாலுக்குச் சிரித்துவிட்டு நாம் அடுத்த வரிக்குப் போய்விடுவோம். மருந்துச் சீட்டு நம் கண்ணெதிரே தப்பிவிடும். பட்டியலின் நடுவிலோ, சிரிப்புக்கு அடுத்த வரியிலோ, யாரோ குறுக்கிட்டுப் பேச்சு அறுந்த இடத்திலோ சாவி இருக்கும். சத்தமாகச் சிரித்த பக்கத்தில் பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வையுங்கள். நூலகப் புத்தகமானால் பென்சில் வேண்டாம், ஒட்டுத்தாள் போதும். ஒரே செய்தியை இரண்டு பேர் வேறு வேறு விதமாகச் சொன்னாலும் ஒரு புள்ளி. பாதிப் புத்தகம் வந்ததும் நிறுத்தி, ஒரு சீட்டில் யார், எப்படி, ஏன் என்று மூன்று வரி எழுதுங்கள். ஆதாரமாக ஒரு பக்க எண்ணாவது கொடுங்கள். 'கொஞ்சமும் சந்தேகம் வராத ஆள்தான் கொலைகாரர்' என்று குத்துமதிப்பாக நினைத்துவைப்பது ஊகமாகாது. அது பலித்தாலும் மகிழ்ச்சி இருக்காது. பக்க எண்ணோடு எழுதியது தப்பாகப் போனாலும், எந்த வரியில் ஏமாந்தோம் என்று திரும்பிப் பார்க்கும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வகையைப் படிக்கலாம்.

கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் ஹரிணி நாகேந்திராவின் 'தி பெங்களூர் டிடெக்டிவ்ஸ் கிளப்' (2022) பாருங்கள். 1921-ம் ஆண்டுப் பெங்களூரு. கணக்கில் ஆசை கொண்ட காவேரி என்ற இளம் மனைவி துப்பறிகிறாள். சிரிப்பு மெலிதாகத்தான் இருக்கும். ஆனால் சமையலறையும் பக்கத்து வீடும் நமக்குத் தெரிந்தவை என்பதால் பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

அடுத்து த்ரில்லர். தூக்கம் கெடுவதற்குக் காரணம் அத்தியாயம் முடிகிற இடம். கதவு தட்டப்படும், போன் வரும், அத்தியாயம் முடிந்துவிடும். அந்த முடிவிலேயே புத்தகத்தை மூடினால் மனம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருக்கும். அதனால் அத்தியாயம் முடிந்ததும் மூடாதீர்கள். அடுத்ததில் மூன்று நான்கு பக்கம் போய், கதவைத் தட்டியது யார் என்று தெரிந்து, மூச்சு இறங்கிய இடத்தில் நிறுத்துங்கள். கடைசி எழுபது பக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் இரவில் தொடங்க வேண்டாம். சனிக்கிழமை மதியத்துக்கு எடுத்துவையுங்கள். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தேவைப்படும்.

கதை மறப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். இன்றைய த்ரில்லர்கள் பலவற்றில் இரண்டு பேர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். ஒன்று இன்று நடப்பது, ஒன்று மூன்று மாதம் முன்பு நடந்தது. அத்தியாயத் தலைப்பில் பெயரும் தேதியும் சின்னதாக அச்சாகியிருக்கும். வேகத்தில் நாம் அதைத் தாண்டிவிடுகிறோம். பத்து அத்தியாயம் போன பிறகு 'இவர்தான் இறந்துவிட்டாரே, எப்படிப் பேசுகிறார்' என்று திகைத்து மூடிவைக்கிறோம். தலைப்பை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள், போதும். அடையாளத் தாளின் பின்பக்கம் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் அன்று, வலப்பக்கம் இன்று என்று முக்கிய நிகழ்வுகளை எழுதினால் பின்பாதி தெளிந்த நீரோடையாக இருக்கும்.

'நான்' என்று சொல்லப்படும் கதையானால் சொல்பவரை முழுதாக நம்ப வேண்டாம். இவர் மட்டுமே பார்த்ததாகச் சொல்வது எது? எந்த நாளைப் பற்றிப் பேசாமல் தாவுகிறார்? இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டே போங்கள். திருப்பம் வந்தபின் உடனே புத்தகத்தை வைத்துவிடாமல் முதல் பத்துப் பக்கத்துக்குத் திரும்புங்கள். நல்ல எழுத்தாளர் அங்கே ஒரு பொய்கூடச் சொல்லியிருக்க மாட்டார், நாம்தான் தப்பாகப் புரிந்துகொண்டிருப்போம். அங்கே பச்சைப் பொய் இருந்தால் அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்துக்குக் காசு செலவழிக்காதீர்கள். பின்னட்டையைப் படிப்பதையும் விட்டுவிடுங்கள். 'எதிர்பாராத முடிவு' என்ற இரண்டு சொல்லே முடிவைப் பாதி சொல்லிவிடும்.

காதல் கதையில் முடிவு தெரிகிறது என்கிறீர்கள். தெரியத்தான் வேண்டும். அமெரிக்காவின் ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு இரண்டே நிபந்தனை வைத்திருக்கிறது: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தருவதாக இருக்க வேண்டும். ரமணிசந்திரன் நாவலைக் கையில் எடுக்கும்போது நாயகனும் நாயகியும் சேருவார்களா என்ற சந்தேகத்தோடா எடுத்தோம்? எப்படிச் சேருகிறார்கள் என்பதற்காக எடுத்தோம். அதே கண்ணோடு இதையும் பாருங்கள். ஒருவர் மற்றவரைப் பற்றிய எண்ணத்தை மாற்றிக்கொள்ளும் சின்னச் செயல் எது என்று தேடுங்கள். குடையைப் பிடிப்பதாக இருக்கலாம், கேட்காமலே எதிராளிக்குப் பிடித்த ஜன்னலோர இருக்கையை விட்டுக்கொடுப்பதாக இருக்கலாம். முக்கால் பங்கில் ஒரு பிரிவு வரும். அது அவர்கள் குணத்திலிருந்து வந்த பிரிவா, ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடக்கூடிய வெறும் மனத்தாங்கலா? முதலாவதானால் நல்ல நாவல். இரண்டாவதானால் தயங்காமல் மகளிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அட்டையில் பொம்மைப் படம் போல வண்ண ஓவியம் இருந்தாலும் உள்ளே படுக்கையறைக் காட்சிகள் விரிவாக இருக்கக்கூடும். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் எடுப்பார்கள் என்றால் முதலில் நீங்கள் படித்துப் பாருங்கள்.

பஸ் விஷயம். அடிவாரம் தாண்டியதும் இருபது கொண்டை ஊசி வளைவுகள். கண் அசையாத எழுத்தைப் பார்க்கிறது, உள்காது உடம்பு திரும்புவதைச் சொல்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால் குமட்டுகிறது. மலையில் புத்தகம் வேண்டாம், ஒலிநூல் கேளுங்கள், பார்வை ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் இருக்கட்டும். 90,000 சொல் நாவல் ஒலியில் ஏறக்குறைய பத்து மணி நேரம். போக ஒரு மணி, வர ஒரு மணி என்றால் வேலை நாள் ஐந்தில் ஒரு நாவல் முடிந்துவிடும். காதல் கதையோ சிரிப்புக் கதையோ இதற்குப் பொருந்தும். தேதி மாறி மாறி வரும் த்ரில்லர் பொருந்தாது. பின்னால் புரட்டிப் பார்க்க வழியில்லை. மலையில் சிக்னலை நம்பாமல் வீட்டிலேயே முன்கூட்டி இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். மாலையில் எழுத்து மங்கினால் கண்ணாடியின் பவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொடி எழுத்துப் பேப்பர்பேக் புத்தகங்களைப் பலர் பாதியில் விடுவதற்குக் கதையைவிடக் கண்தான் காரணம்.

எல்லாம் செய்தும் ஓடவில்லையென்றால் விட்டுவிடுங்கள். நான்சி பேர்ல் என்ற அமெரிக்க நூலகர் ஒரு கணக்குச் சொல்வார்: ஐம்பது வயது வரை ஐம்பது பக்கம் படித்துப் பார், அதைத் தாண்டினால் நூறிலிருந்து வயதைக் கழித்துக்கொள். உங்களுக்கு 46 பக்கம்.

வீட்டுக்காரருக்கு ஒரு செய்தி. உங்கள் பஸ் தினமும் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் நுழைவு வளைவைக் கடந்து போகிறது. 1950-ல் டி.ஆர்.சுந்தரம் அந்த நிறுவனத்தின் சார்பில் எடுத்த 'திகம்பர சாமியார்', வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துப்பறியும் நாவல்தான். எம்.என்.நம்பியார் அதில் பல வேடங்களில் வருவார். நம் ஊர் இந்தக் கதைகளை எவ்வளவு மதித்தது என்று அவருக்குச் சொல்லுங்கள். வரும் ஞாயிறு சிரிப்புக் கதையின் முதல் அறுபது பக்கத்தை அவர் கையிலும் கொடுங்கள். பாதி வந்ததும் அவருடைய ஊகத்தையும் சீட்டில் எழுதச் சொல்லி, உங்கள் சீட்டோடு சேர்த்து மடித்துப் பின்னட்டைக்குள் செருகிவையுங்கள். கடைசிப் பக்கம் வரை இருவரும் பிரிக்கக் கூடாது.